யார் பேர்லயும் பதியக் கூடாது

பைய நானே வச்சுக்கிடுதேன்மா. மடியில கனமா இருந்தாலும் பரவாயில்ல. மேல கம்பியில வச்சா யாரு எந்த ஸ்டாப்புல தூக்கிட்டு இறங்குவான்னு தெரியாது. உங்களச் சொல்லல. நான் யாரையும் சந்தேகப்படுத ஆளு இல்ல. ஆனா இதுக்குள்ள ஒரு வள்ளமும் ஒரு டிரெய்லரும் இருக்கு. சிரிக்காதிய. தாளாத்தான் இருக்கு. தாளு இல்லன்னா வள்ளம் வெறும் தொட்டிதானே.

நீங்க தூத்துக்குடி பஸ்ஸ்டாண்டா? நல்லதாப் போச்சு. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு. செவப்பு மைப் பேனா வச்சிருக்கிய, டீச்சராத்தான் இருக்கும். சொல்ல வேண்டாம். நான் எதையும் துருவிக் கேக்க மாட்டேன்.

என் பேரு சலேத் மேரி. கடக்கரை ஊரு, மீன் விக்கேன். வீட்டுக்காரர் ரொசாரி. தங்கமான மனுசன், அதுதான் எங்களுக்குக் கேடு. எவன் எந்தத் தாள நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுருவாரு. எங்களுக்குன்னு முன்னால ஒரு வள்ளம் இருந்துச்சு. கூட்டாளி ஒருத்தன் கடன் வாங்குனப்ப இவரு ஜாமீன் போட்டாரு. கூட்டாளி திருப்பூருக்குப் போயிட்டான், வள்ளம் கடன் கொடுத்தவன் வீட்டு வாசலுக்குப் போயிட்டு. அதுலருந்து எட்டு வருசமா இவரு அடுத்தவன் வள்ளத்துல ஆளுப் பங்குக்குப் போறாரு.

ஆளுப் பங்குன்னா உங்களுக்குத் தெரியாதுல்லா? பிடிச்ச மீன வித்ததும் வள்ளத்துக்குன்னு ஒரு பங்க மொதல்ல எடுத்துருவாவ. மிச்சத்தத்தான் கடலுக்குப் போன ஆளுங்க பிரிச்சுக்கிடணும். வள்ளம் யாரு பேர்ல இருக்கோ அவன் வீட்டுல காலாட்டிக்கிட்டுப் படுத்துக் கிடந்தாலும் வள்ளத்துப் பங்கு அவனுக்குப் போயிரும். அப்ப எது முக்கியம்? துடுப்புத் தண்டு வலிக்கவன் கையா? இல்லம்மா, தாள்ல இருக்க பேரு. நான் பேரப் பத்திக் கவலப்பட்டது தப்பா, நீங்களே சொல்லுங்க.

இன்னாசின்னு எனக்கு ஒரு கொழுந்தன். வீட்டுக்காரருக்குக் கடைசித் தம்பி. நான் கல்யாணம் முடிச்சு வரும்போது அவனுக்கு ஒம்பது வயசு, மாமியார் போய்ச் சேந்துட்டாவ. குளிப்பாட்டி, ஈரு எடுத்து, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது நான்தான். அதனால அவன் குணம் எனக்கு அத்துப்படி. சின்னதுல ஒரு நாளு கருவாட்டுக் கூடைக்கு அடியில பத்து ரூவா வச்சேன், எடுக்கானா பாப்போம்னு. எடுக்கல. ஏன் எடுக்கல? நான்தான் வச்சிருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த வயசுலயே அவ்வளவு உசாரு.

அவன் ஒரு சொகுசு விடுதியில போட்டு ஓட்டுனான். வெளியூர்க்காரங்களக் கடல்ல ஒரு சுத்து சுத்திக் காட்டுத வேலை. போன மார்கழியில விடுதிய இழுத்து மூடிட்டாவ. ஆறு மாசச் சம்பளம் பாக்கி. அதுக்குப் பதிலா முதலாளி ஒரு பைபர் வள்ளத்தையும், அத ஏத்தி இழுக்க ரெண்டு சக்கர டிரெய்லரையும் கொடுத்துட்டாரு. இவன் அதக் குட்டி லாரிக்குப் பின்னால மாட்டி, நேரா எங்க வீட்டு முன்னால கொண்டாந்து நிறுத்துனான்.

"மதினி, இது உங்களுக்குத்தான். இனிமே அண்ணனும் நானும் சேந்து போவோம்" அப்படிங்கான்.

வீட்டுக்காரரு கண்ணத் தொடச்சிக்கிட்டே வள்ளத்தச் சுத்திச் சுத்தி வாராரு. நான் டிரெய்லர் டயரப் பாத்துக்கிட்டு நின்னேன். புது டயரு. ஆறு மாசமா சம்பளமே வாங்காதவன் புது டயரு எப்படிம்மா போடுவான்? சும்மா கொடுக்கதுக்கு யாராவது புது டயரு போடுவாவளா? அப்பமே எனக்கு மனசுல ஒண்ணு தட்டிச்சு.

சரி, வள்ளம் வந்துட்டு. கடல்ல எறக்கணும்னா மீன்துறை ஆபீஸ்ல பதிஞ்சு, நம்பர் வாங்கி, வள்ளத்து மூஞ்சியில எழுதணும். நம்பர் இல்லாத வள்ளத்துக்கு டீசல் மானியம் கிடையாது, கடலுக்குள்ளயும் விட மாட்டாவ. டிரெய்லருக்கு அது வேற ஆபீசு, ஆர்டிஓ ஆபீசு. எனக்கு அதுதான் வயித்தெரிச்சல். மாடு வாங்குனா மாட்டுக்குக் காசு கொடுக்கோம், மாட்டக் கட்டுன கயித்துக்குமா ரசீது போடுவாவ? ரோட்டுல இழுத்துட்டுப் போனா அதுவும் வண்டிதானாம். அதுக்கும் வரி, அதுக்கும் நம்பரு. விடுதிக்காரன் கட்டாத பழைய வரியும் சேத்து.

இன்னாசி ஒரு ஆளக் கூட்டிட்டு வந்தான். திரவியம்னு பேரு. ஆபீஸ் வாசல்ல விண்ணப்பப் பாரம் நிரப்பித் தாரவன். ஒரு சின்னத் தாள்ல எழுதி என்கிட்ட நீட்டுனான். வள்ளத்துக்கு இவ்வளவு, டிரெய்லருக்கு இவ்வளவு, நோட்டரிக்கு இவ்வளவு, போட்டாவுக்கு இவ்வளவு, எல்லாம் சேத்து நாலாயிரத்து ஐநூறு. வீட்டுக்காரரு உடனே பரண்ல கைய விட்டாரு. நான் கையப் பிடிச்சு நிறுத்திட்டேன். ஏஜெண்டுங்கவன் ஒண்ணுக்கு மூணு எழுதுவான். ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச விசயம். எவ்வளவு அடிக்கான்னு பாத்துட்டுத்தான் கொடுக்கணும்னு, மறுநாளு வியாபாரத்த விட்டுட்டு பஸ் ஏறுனேன்.

மொத நாளு மீன்துறை ஆபீசு. அடுத்த நாளு ஆர்டிஓ. அதுக்கு அடுத்த நாளு நோட்டரி வக்கீல். மூணு நாளு பஸ் காசு, காப்பித் தண்ணி, விக்காத மீனு. அதெல்லாம் போகட்டும். ஆர்டிஓ ஆபீஸ்ல இருந்த கிளார்க்கு திரவியத்தோட தாளப் பாத்துட்டுச் சிரிச்சாரும்மா. "இந்தக் காசுக்கு உங்க டிரெய்லரோட பழைய வரியே தீராதே"ன்னாரு. கூட்டிப் பாத்தா ரெண்டு ஆபீசுக்கும் சேத்து பதினோராயிரத்துக்கு மேல வருது. அத்தனையும் ரசீதுக் காசு, யாரும் தனியா ஒரு பைசா கேக்கல.

அப்படியே நின்னுட்டேன். பதினோராயிரம் ஆகுத வேலையை நாலாயிரத்து ஐநூறுக்கு ஒருத்தன் முடிச்சுத் தாரேங்கான். கூடக் கேட்டிருந்தா எனக்கு ஒரு பயமும் இல்ல, பேரம் பேசி முடிச்சிருப்பேன். கொறச்சுக் கேக்கவன்கிட்ட என்ன பேச முடியும்?

திரவியத்தப் பிடிச்சு நெருக்குனேன். மென்னு முழுங்குனான். கடைசியில சொல்லிட்டான். மிச்சக் காசு பூராவையும் இன்னாசி கட்டிட்டானாம். கழுத்துல கிடந்த செயின வித்திருக்கான். மதினிக்குத் தெரிய வேண்டாம்னு சொன்னானாம்.

தெரிய வேண்டாம்னு மறைக்குத விசயம் நல்ல விசயமா இருக்குமா? நீங்க சொல்லுங்க. காசு கட்டுதவன் பேர்லதானே ரசீது வரும், ரசீது இருக்கவன் பேர்லதானே வள்ளம் வரும். அண்ணன் இழுக்கணும், இவனுக்கு வள்ளத்துப் பங்கு. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

கையெழுத்தா? அத ஏன் கேக்குதிய. அதுக்கு முன்னாலயே திரவியம் ஆறு தாள்ல என் கையெழுத்த வாங்கிட்டான். நான் ஏமாந்து போடலம்மா. கண்ணாடி மாட்டிக்கிட்டு ஆறு தாளையும் வரி வரியாத் தேடுனேன், எங்கயாவது இன்னாசி பேரு இருக்கான்னு. ஒரு இடத்துலயும் இல்ல. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகமாப் போச்சு. வள்ளத்தக் கொண்டாந்தவன் பேரு ஒரு இடத்துல கூட இல்லன்னா, வேற எங்கயோ ஏழாவது தாளு ஒண்ணு இருக்குன்னுதானே அர்த்தம்?

திங்கக்கிழம கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாவல்லா, அங்க போனேன். வாசல்ல மரத்தடியில ஒருத்தரு மனு எழுதித் தாராரு. நல்லா எழுதுவாரு. கொழுந்தன் உங்கள மெரட்டுனாரான்னு கேட்டாரு. மெரட்டல, கேட்டா சிரிப்பான்னு சொன்னேன். "ஏளனமாகச் சிரித்து மன உளைச்சல் ஏற்படுத்தி"ன்னு எழுதிட்டாரு. கடைசியில, இன்னாசி பேர்ல பதியக் கூடாதுன்னு முடிச்சாரு. எனக்கு அது பத்தல. இவன் பொண்டாட்டி கட்டி அவ பேர்ல பதிஞ்சா? திரவியம் பேர்ல பதிஞ்சா? அடிச்சிட்டு நல்லா எழுதுங்கய்யான்னு சொன்னேன். விசாரணை முடியும்வரை மேற்படி படகையும் டிரெய்லரையும் யார் பேர்லயும் பதியக் கூடாதுன்னு எழுதி வாங்கி, ஒரு தடவ வாசிக்கவும் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஒப்பம் போட்டேன். வீட்டுக்கு வரும்போது அவ்வளவு நிம்மதி.

அன்னையிலருந்து நாலு மாசம் வள்ளம் டிரெய்லர்லயே கிடந்துச்சு. டயரு பாதி மணலுக்குள்ள போயிட்டு. அந்த நாலு மாசத்துல பாத்துக்கிடுங்க, சாளை மீனு வந்துச்சு பாருங்க, அப்படி ஒரு வரத்த நான் பாத்ததே இல்ல. வள்ளம் வச்சிருந்தவன்லாம் வீட்டுக்கு மாடி எடுக்கான். எங்க வீட்டுக்காரரு அடுத்தவன் வள்ளத்துலருந்து எறங்கி, நம்ம வள்ளத்தத் தாண்டித்தான் வீட்டுக்கு வரணும். தலையக் குனிஞ்சிக்கிட்டே வருவாரு. என்னை ஒரு வார்த்தை ஏசல. ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். இன்னாசி வேற வேலைக்கும் போகாம, வெசாரணை எப்ப வரும்னு ஆபீசுக்கும் வீட்டுக்குமா நடந்தான். அண்ணங்கூட ஒரே வள்ளத்துல போகணும்னு அவனுக்கு ஒரே பிடியா இருந்துச்சு. அந்தப் பிடியப் பாத்து எனக்கு இன்னும் சந்தேகம் கூடுச்சு.

போன வாரம் மீன்துறை ஆபீசுல வெசாரணைக்குக் கூப்பிட்டாவ. ஆபீசரு சின்னப் பொண்ணு. ரெண்டு ஃபைலையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மாத்தி மாத்திப் பாக்குது. அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்துச்சு.

"அம்மா, இந்தப் படகை உங்க பேர்ல பதியணும்னு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது சலேத் மேரி. பதியவே கூடாதுன்னு மனு கொடுத்திருக்கிறதும் சலேத் மேரி. நான் யாரை விசாரிக்கிறது?"

ஆமாம்மா. என் பேர்லதான். வள்ளமும் என் பேர்ல, டிரெய்லரும் என் பேர்ல. ஆறு தாள்லயும் மேல பெருசா என் பேருதான் இருந்திருக்கு. நான் இன்னாசி பேரத் தேடுன தேட்டத்துல, என் பேரு என் கண்ணுல படவே இல்ல. சொந்தப் பேரு எங்க இருந்தாலும் நம்ம யாராவது உத்துப் பாக்கோமா?

ஆபீசரு இன்னாசியக் கேட்டுச்சு, நீங்க காசு கட்டி ஏன் இவங்க பேர்லன்னு. அவன் சுவத்தப் பாத்துக்கிட்டே சொல்லுதான்:

"அண்ணன் பேர்ல இருந்தா நாளைக்கே எவனாவது கையெழுத்து வாங்கிருவான். என் பேர்ல இருந்தா நாளைக்கு எனக்கு வாரவ மனசு எப்படியோ. மதினி பேர்ல இருந்தா பிசாசே வந்து நின்னாலும் ஒரு கையெழுத்து வாங்க முடியாது மேடம்."

அந்தப் பொண்ணு சிரிச்சிட்டு. எனக்குச் சிரிப்பு வரல. காது ரெண்டும் சூடாப் போச்சு. அத்தோட நான் வாய மூடிட்டு வந்திருக்கணும். வரலயே. கேட்டுக்கு வெளிய வந்ததும் அவனப் பாத்துக் கேட்டுட்டேன், விடுதிக்காரன் வச்ச பாக்கி எதுவும் பின்னால வந்தா, பேரு இருக்கவதானே ஜெயிலுக்குப் போகணும், அதுக்காகத்தான் என் பேர்ல எழுதுனியான்னு.

அவன் அப்படியே திரும்புனான். என்னப் பாத்தான். ஒம்பது வயசுல, காய்ச்சல்ல கிடக்கும்போது ஒரு பார்வ பாப்பான், அதே மாதிரி. அப்புறம் போன எடுத்து மங்களூருக்கு அடிச்சான். அங்க பெரிய போட்டுல ஆளு எடுக்காவளாம். வாரேன்னு சொல்லிட்டான். இன்னைக்குச் சாயந்திரம் அஞ்சு மணிக்கு ரயிலு. ஆட்சேபணை இல்லைன்னு எழுதி, ஒப்பம் போட்டு, அவன் அண்ணங்கிட்ட கொடுத்துட்டு, மூணு நாளா சோத்துக்கே எங்க வீட்டுக்கு வரல.

நேத்து காலையில வள்ளத்துப் பக்கம் போனேன். முன்பக்கம் மட்டும் ஒரு பழைய படுதாவக் கட்டிப் போட்டிருந்தான், வந்த நாள்லருந்தே. உள்ள எதையோ ஒளிச்சு வச்சிருக்கான்னு எனக்கு எப்பவும் ஒரு எண்ணம். அவுத்துப் பாத்தேன். நீல பெயிண்ட்டுல அழகா எழுதியிருக்கு, சலேத் மாதான்னு. மாதா பேருதான். எங்க பக்கம் எல்லா வள்ளத்துக்கும் மாதா பேரு, புனிதர் பேருதான் வைப்பாவ. ஆனா எங்க ஊருல எத்தனையோ மாதா இருக்காவ. பனிமய மாதா இல்லையா, சகாய மாதா இல்லையா? இவன் தேடிப் பிடிச்சு இந்தப் பேர வச்சிருக்கான். சர்ச் சாமியார் வந்து மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கும்போது படுதாவ எடுக்கலாம்னு இருந்திருக்கான்.

அந்த டிரெய்லர் கம்பியப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்மா. ரோட்டுல போறவன் வாரவன் பாக்கான்னு கூடத் தோணல. நான் வளத்த பிள்ளைய நானே மனு எழுதி விரட்டிட்டேன். மூணு நாளு ஆபீஸ் ஆபீசா ஏறி எறங்கி வெசாரிச்சேனே, அவங்கிட்ட ஒரு தடவ உக்காந்து கேட்டேனா? கேக்கல.

பெயிண்டரப் பாத்து, எழுதுனதுக்குக் காசு யாரு கொடுத்தான்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். இன்னாசிதானாம். சும்மா தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டேன்.

இப்ப மனுவ வாபஸ் வாங்கணும். ரெண்டு தாளு இருக்கு. ஒண்ணுல மனு கொடுத்த சலேத் மேரி வாபஸ் வாங்குதா. இன்னொண்ணுல விண்ணப்பம் போட்ட சலேத் மேரி சம்மதிக்கா. ஆபீசரு பொண்ணு நல்ல பொண்ணு. மத்தியானத்துக்குள்ள கொண்டாந்தா இன்னைக்கே நம்பரு தந்துருதேன்னு சொல்லியிருக்கு. நம்பரு கையில இருந்தா நேரா ரயில்வே ஸ்டேஷன்ல போய் அவன் முன்னால நீட்டிருவேன். ஆனா வாபஸ் தாள்ல சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணுமாம். சொந்தக்காரங்க ஆகாது. ஒண்ணு சாமியார் போட்டுட்டாரு. இன்னொண்ணுக்கு ஊரு பூரா கேட்டுட்டேன். எதுத்த வீட்டுக்காரி கை சுளுக்குங்கா. சங்கத் தலைவரு கண்ணாடி ஒடஞ்சிட்டுங்காரு. கடைக்காரன் மட்டும்தான் மூஞ்சிக்கு நேரா சொன்னான், "போட்டா நாளைக்கு எங்க மேலயும் திங்கக்கிழம மனு கொடுப்பீங்க"ன்னு. என்னைப் பத்தி ஊருல அப்படி ஒரு பேச்சு இருக்குன்னு எனக்கு நேத்துதான் தெரியும்.

அதான்மா, பஸ் ஏறுனதுலருந்து ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டு வந்தேன். உங்க பக்கத்துல வந்து உக்காந்ததும் அதுக்குத்தான். நீங்க ஒரு கையெழுத்துப் போடுவியளா? சாட்சியா மட்டும்தான். வேற ஒரு தொந்தரவும் வராது.

சரியா? சரின்னா சொன்னிய?

ஒரு கேள்வி கூடக் கேக்காம, தாள வாங்கிப் பாக்காம, உடனே சரிங்கிய. ஏன்மா அப்படி? உங்களுக்கு இதுல என்ன...

இல்ல. இல்லம்மா. நான் ஒண்ணும் கேக்கல. விட்டுருங்க. இந்த வாயிதான் நாலு மாசத்த முழுங்குச்சு.

இந்தாங்க, என் பேனாவுல போடுங்க. செவப்பு மை ஆகாதாம். நூலு நீளமாத்தான் இருக்கு, எட்டும். பேனாவ யாரும் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு பையில கட்டி வச்சிருக்கேன். அந்தக் கோட்டுக்கு மேல. ஆங். பேரும் அட்ரசும் கீழ எழுதிருங்க. வெசாரிக்க இல்லம்மா. வள்ளம் மந்திரிக்குத அன்னைக்கு உங்களக் கூப்பிடணும்ல. போன் நம்பரும் எழுதுங்க. எழுதிட்டியளா? ஒரு அடி அடிச்சுப் பாத்துக்கிடுதேன். தப்பா நெனைக்காதிய, அவசரத்துல ஒரு நம்பரு மாறிப் போயிரும்லா.

அடிக்குது. உங்க பையிலதான் அடிக்குது. எடுக்க வேண்டாம், வச்சிருங்க.

இருங்க, இன்னொரு ஆளுக்கும் அடிக்கணும். மூணு நாளா நான் அடிச்சா எடுக்க மாட்டேங்கான். நம்பரு வாங்கிட்டு நேர்ல போவோம்னுதான் இருந்தேன். கையெழுத்து வந்துட்டுல்லா, இனிமே எனக்குப் பொறுக்காது. ரிங்கு போய்க்கிட்டே இருக்கு. போய்க்கிட்டே இருக்கு.

எல, இன்னாசி. மதினிதான். வச்சிராத, வச்சிராதல. ரயில் ஏறாத. சாட்சி கிடைச்சிட்டு, மத்தியானம் நம்பரு வந்துரும். மூஞ்சியில நம்பர் எழுத அந்தப் பெயிண்டர நீயே கூட்டிட்டு வந்துரு. எவ்வளவு கேட்டாலும் கொடு. நான் யார்கிட்டயும் போய் வெசாரிக்க மாட்டேன்.